எழுபத்திரண்டு என்று எழுதிய நாட்கள்

மண்ணூர்
9.10.2012

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா பரசுராமன் எழுதுவது. கிளாஸ்கோ குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் நல்ல சுகத்தோடு இருக்க நம் அம்மன் துணையிருக்கட்டும். என் சுகத்தை வழக்கம்போல் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் மீதிக் கடிதத்தில் பொய் சொல்ல வேண்டி வரும், அதனால் அதைக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். போனில் உன் குரல் கேட்டதும் நான் நல்லா கீறேம்மா என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, தாளில்தான் கொஞ்சம் நிதானம் வருகிறது.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. மாடியில் குடியிருந்த திருநெல்வேலிக்காரர்களில் மூன்று பேர் வல்லம் வடகால் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார்கள், குடும்பத்தை ஊரில் விட்டு வந்த நம்பிராஜன் மட்டும் இருக்கிறார், அவருக்கும் நைட் ஷிப்ட், நான் கிளம்பும்போது அவர் வருவார், கேட்டில் தலையாட்டிக்கொள்வதோடு சரி. உன் அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியும் அரிசியை இரண்டு பேருக்குத்தான் அளக்கிறேன், மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் சாப்பிடுகிறேன். கம்பெனியில் ஞாயிறு ஓ.டி.க்கு ஆள் கேட்டால் முதலில் கை தூக்குவது நான்தான், காசுக்காக இல்லை, லைனில் நாலு முகம் பார்க்கலாமே என்றுதான். ஓ.டி. இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போய் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த ஆட்டோவில் திரும்பிவிடுகிறேன், எங்கே போனாய் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. தனியாக இருக்கிறேன் கலை, ரொம்பத் தனியாக இருக்கிறேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உன் ஆராய்ச்சியைச் சொன்னாய் அல்லவா, எனக்குப் புரிந்தவரை நன்றாக நினைவிருக்கிறது. இதயத்துக்கு இரண்டு வகை நரம்பு, ஒன்று வேகமாக ஓட்டுகிறது, ஒன்று பிரேக் பிடிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அந்த நரம்புகளே துளித்துளியாக உண்டாக்குகின்றன, அது பிரேக் நரம்புக்குக் கை கொடுத்து ஓட்டுகிற நரம்பை அடக்கி வைக்கிறது, உண்டான சில விநாடியில் மறைந்தும் போகிறது, அதனால் உடம்பு அதை ஓயாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். நாள்பட்ட பிரஷர் இருந்தால் ஓட்டுகிற நரம்பில் அந்த வாயு குறைந்து, இதயம் சும்மா இருக்கும்போதும் அடித்துக்கொண்டு ஓடலாம் என்றாய். எனக்குப் பத்து வருஷப் பிரஷர். அதனால்தான் தினமும் எழுந்ததும் படுக்கையிலேயே முழு நிமிடம் நாடி பார்த்து நோட்டில் எழுதணும், ஞாயிறு போனில் வாசிக்கணும், தொண்ணூறு தாண்டினால் உடனே டாக்டரிடம் போகணும் என்று சொல்லிவிட்டுப் போனாய்.

ஒன்பது நாள் ஒழுங்காகப் பார்த்தேன். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றெட்டு, ஒரு நாள் நூற்றுமூன்று. இதை வாசித்தால் நீ படிப்பைப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாய் என்று பயந்து அந்தத் தாளைக் கிழித்தேன். பிறகு கம்பெனியில் நாங்கள் செய்கிற வேலையையே வீட்டிலும் செய்தேன். மணிக்கொரு தரம் ஐந்து பீஸ் எடுத்து கேஜில் அளந்து செக் ஷீட்டில் எழுதுவது என் வேலை, ஆனால் லைன் நெருக்கடியில் காலை டீ நேரத்திலேயே சாயங்காலம் வரைக்கும் கட்டங்களை நிரப்பி வைத்துவிடுவோம், எல்லா பீஸும் சரியாகத்தான் வரும் என்று ஒரு தைரியம். அதே கையால் உன் நோட்டில் எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்திமூன்று என்று மாதாமாதம் முதல் தேதியிலேயே மாதக் கடைசி வரைக்கும் ஒரே உட்காரலில் எழுதி வைத்தேன், ஞாயிறுதோறும் அதைத்தான் உனக்கு வாசித்தேன்.

போன மாதம் இருபத்தைந்தாம் தேதி காலை பாத்ரூம் வாசலில் மூச்சு வாங்கி விழுந்துவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த நம்பிராஜன்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார், நாடி நூற்றுப் பதினெட்டு. டாக்டர் பழைய விவரம் ஏதாவது உண்டா என்று கேட்க அவர் பாவம் உன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் முதலில் சந்தோஷப்பட்டார், பக்கத்தைத் திருப்பினார், முப்பதாம் தேதி வரைக்கும் எழுதியிருந்தது. நாளைக்கு எவ்வளவு துடிக்கும்னு இன்னைக்கே தெரியுமாங்க உங்களுக்கு என்று கேட்டார். நர்ஸ் முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை. இதயம் ரொம்ப நாளா வேகமா ஓடிக் களைச்சிருக்கு, மாத்திரையை ஒரு வேளைகூட விடாம சாப்பிட்டா சரி பண்ணலாம், ஆனா கூட யாராவது இருக்கணும் என்றார். இரண்டு நாள் படுத்திருந்தேன். அண்ணாச்சி, ஒத்தையில கெடக்கியளே, பிள்ளைக்குச் சொல்ல வேண்டாமா என்று நம்பிராஜன் சண்டைக்கே வந்தார், சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு ஞாயிறு உனக்கு எழுபத்திரண்டுதான் வாசித்தேன்.

போன ஞாயிறு நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா, உன் நம்பர் நல்லா இருக்குப்பா, அந்த தைரியத்துலதான் இங்கேயே இன்னும் மூணு வருஷம் ஆராய்ச்சி வேலைக்குக் கையெழுத்து போடப் போறேன், மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு என்றாய். அன்றைக்கு நீ பேசும்போதே ஒரு விரலை நாடியில் வைத்திருந்தேன், எண்பத்திநான்கு. நீ போனை வைத்துக் கால்மணி நேரத்தில் பார்த்தேன், நூறு. உன் குரலில் அந்த வாயு சுரக்கிறதா என்று கேட்டால் சிரிப்பாய், ஒரு ஆளை ஒரு நாள் பார்த்தால் அது ஆராய்ச்சி ஆகாது என்பாய், சரிதான். ஆனால் அளந்து எழுதியது அது. இன்று காலை படுக்கையில் முழு நிமிடம் பார்த்தது தொண்ணூற்றேழு. நான் பொய்யாக எழுதிய எண்ணை நம்பி நீ மூன்று வருஷத்தை எழுதிக் கொடுக்கக் கூடாது. உன் வேலை பெரிய வேலை, போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இதை வாசித்த பிறகு உன் இஷ்டம். என் இஷ்டத்தைக் கேட்டால், வந்துவிடு கண்ணு. மூன்று வருஷம் என்னால் ஆகாது.

நம்பிராஜனைக் கோபித்துக்கொள்ளாதே, அவர் மேல் தப்பில்லை. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடாமல் வெளியே போகாதே, அம்மா திதி அடுத்த மாதம் வருகிறது, மறந்துவிடாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே என்று எழுதித்தான் எல்லாரும் முடிப்பார்கள். இந்த ஒரு தடவை நீ கவலைப்படு.

இப்படிக்கு
உன் அப்பா,
பரசுராமன்