இன்று மாலை என்ன செய்யப் போகிறாய்?

என் பிரியத்துக்குரிய ரஹீமா,

நேற்று உன் போனை உன் உம்மா என் கையில் தந்தபோது முதலில் கண்ணில் பட்டது திரையில் இருந்த அந்த இரண்டு கடிகாரங்கள்தான். ஒன்று தென்காசி நேரம், இன்னொன்று பாரிஸ் நேரம். நீ போன பிறகு ரம்ஜான்கூட வந்து போய்விட்டது. அந்த இரண்டாவது கடிகாரம் இன்னும் யாருக்காக ஓடுகிறது?

நிக்காஹ் பேசி முடித்த வாரமே நீ பிரெஞ்சு படிக்கத் தொடங்கினாய். பாரிஸ் மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியும். அவர் தங்கை சமீரா அங்கேயே வளர்ந்தவள், அவளுக்குத் தமிழ் வராது. "நாத்தனா முன்னால ஊமை மாதிரி நிக்கவாட்டி?" என்று பக்கத்து வீட்டிலிருந்த என்னையும் கூட உட்கார வைத்தாய். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்திய எனக்குப் பிரெஞ்சு எதற்கு என்று கேட்டேன். "எனக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணும்லா" என்றாய்.

போனைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேருமே தப்பும் தவறுமாகப் பேசினோம். இன்று மாலை என்ன செய்யப் போகிறாய்? நாளை எங்கே போகிறாய்? அதைத் தாண்டி நாம் போகவே இல்லை. கிளம்புகிறவரிடம் எங்கே என்று கேட்டால் என் அம்மா திட்டுவாள்; அதனால் எனக்கு வாயே வரவில்லை. "பிரெஞ்சுல கேட்டா சகுனம் பாக்காதுட்டி" என்று சிரித்தாய்.

நாளைக்கு என்ன என்று நீ எப்போது கேட்டாலும் என் பதில் "லே த்ரா". படுக்கை விரிப்புகள். குற்றாலத்து லாட்ஜில் துவைக்கிறவளுக்கு வேறென்ன நாளை? "ஒரு நாளாவது சினிமாக்குப் போறேன்னு பொய் சொல்லேன்ட்டி!" என்பாய்.

பிறகு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். உயிரோடு திரும்பவில்லை.

இப்போது சீசன். சாரல் விடவில்லை, விரிப்புகள் காயவில்லை. ஈர வாடை என் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் தென்காசி வருமுன் தூங்கிவிடுகிறேன். பேசுவதற்கு எனக்கு எப்போதுமே கூச்சம், உனக்குத் தெரியும். இப்போது ஆளும் இல்லை.

நேற்று ஞாயிறு மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தேன். உம்மா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"ஏட்டி மாரி, ஓடியா! அந்த சமீரா புள்ள போன் போட்டுட்டு அழுவுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

போனை வாங்கிக் காதில் வைத்தேன். அந்த அழுகைக்குள் எனக்குப் புரிந்தது உன் பெயர் மட்டும்.

"என்னட்டி சொல்லுதா?"

"தெரியல உம்மா."

"மாப்பிள்ளைக்கு வேற பொண்ணு பாக்குதாவளாம். பாத்தா பாக்கட்டும், வயசுப் பையன். எம்புள்ளைய அங்கன எல்லாரும் மறந்துட்டாவளா, அத மட்டும் கேளு."

மறப்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்வார்கள்? சாவுக்கு? நாம் ஏன் அதையெல்லாம் படிக்கவில்லை? உம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததை மட்டும் கேட்டேன். "த்யு ஃபே குவா ஸ சுவார்?" இன்று மாலை என்ன செய்யப் போகிறாய்?

கேட்டுவிட்டுக் கூசிப்போனேன். அழுகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆனால் அந்தப் பக்கம் அழுகை நின்றது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எனக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வீட்டில்தான் இருப்பாள். அவளும் அண்ணனும் போட்டோ பார்ப்பார்கள். ரஹீமாவின் போட்டோ. ஞாயிறுதோறும் அப்படித்தான்.

உம்மாவிடம் சொன்னேன். துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே, "எந்தப் போட்டோன்னு கேளுட்டி" என்றார்.

அதைக் கேட்கவும் எனக்குத் தெரியவில்லை, ரஹீமா. அடுத்த ஞாயிறுக்குள் படித்துவிடுவேன். எவ்வளவு அசதியாக இருந்தாலும், உம்மா கேட்கச் சொல்வதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டுச் சொல்வேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

"திமான்ஷ்?" என்றேன் சமீராவிடம். ஞாயிற்றுக்கிழமை? "உய்" என்றாள். ஆமாம். போனை உம்மா மடியில் வைத்துவிட்டு லாட்ஜுக்கு பஸ் பிடிக்கப் போனேன்.

உன் பக்கத்து வீட்டில் பிறந்த தங்கச்சி,
மாரி