முதுகில் கூடிப்போன நான்கு வட்டங்கள்

இன்று காலை என் மகள் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். இரண்டு வயதில் அவளுக்கு அதுதான் உத்தியோகம். என் கல்லூரிக் காலத்துப் புள்ளியியல் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கியபோது ஒரு தாள் விழுந்தது. மை மங்கிய நகல். நடுவில் மனித உருவம் மாதிரி ஒன்று, வலக்கைக்குப் பதில் பீரங்கி. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். சில வட்டங்களின் மேல் பென்சிலால் போட்ட பெருக்கல் குறிகள். உன்னுடையவைதான். நீ போட்ட குறியைத் தாளின் மறுபக்கத்தில் விரலால் தடவியே எண்ணிவிடலாம், அவ்வளவு அழுத்தம்.

நீ போய் மூன்று வருஷமாகிறது. டெங்கிக் காய்ச்சல், ஐந்தே நாள். அப்போது இவள் என் வயிற்றில் இருந்தாள். உங்கள் வீட்டுக்கு வந்தேன், நின்றேன், திரும்பினேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று இருந்தது. உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்கலாம். இவள் தூங்கும் இந்த ஒரு மணி நேரத்தில் அதை எழுதிவிடுகிறேன்.

நாம் என்ன விளையாடினோம் என்று யாராவது கேட்டால் விளக்குவது இன்றைக்கும் கஷ்டம். கட்டம் போட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, விரல் உயர ஈயப் பொம்மைகளை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவோம். ஒவ்வொரு பொம்மையும் ஒரு போர் இயந்திரம். அதைத் தாளில் நாமே கட்ட வேண்டும். ஐம்பது டன் என்றால் ஐம்பதுதான். எலும்புக்கூடு, எஞ்சின், பீரங்கி, சூடு தணிக்கும் கருவி, கவசம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வேகம் வேண்டுமா, எஞ்சின் பெருக்கும், கவசம் மெலியும். கவசம் வேண்டுமா, பீரங்கியைக் கழற்று. சண்டையை விட நமக்கு இந்தத் தகராறுதான் பிடித்திருந்தது. பினாங்கில், சுங்கை பினாங்கு வட்டாரத்தில் இருந்த உங்கள் அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேசையில், எத்தனை சாயங்காலம்!

"இன்னும் ஒரு டன் கவசம் போடுவோம்டி," என்பேன் நான்.

"போடேன். பீரங்கியக் கழட்டிட்டுப் போடு. நடுரோட்டுல நின்னு அடி வாங்கிக்கிட்டே இருக்கலாம்."

"முதுகு தொறந்து கெடக்கு."

"நான் முதுகக் காட்டாம ஓட்டுறேன் லா. என்மேல நம்பிக்கை இல்லையா?"

துறைமுகத்தில் லோரிகளுக்குச் சரக்கு ஏற்றிவிடும் உன் அப்பா, கை கழுவப் போகிற போக்கில் சொல்வார்: "தாங்குமான்னு லோரிகிட்ட கேளுங்க. சாமான்கிட்ட கேட்டா அது இன்னும் ஏத்துன்னுதான் சொல்லும்."

விதியும் அதைத்தான் சொன்னது. தாளில் ஒரு வட்டம் ஓர் அடியைத் தாங்கும், அடி விழுந்தால் அதன்மேல் பெருக்கல் குறி. எடை மிச்சம் இருக்கிறது என்பதற்காக ஓர் உறுப்பில் இஷ்டத்துக்குக் கவசம் ஏற்ற முடியாது. உள்ளே எத்தனை எலும்பு வட்டமோ, அதைப் போல இரண்டு மடங்குதான் கவச வட்டம். நம் இயந்திரத்தின் நடுவுடம்புக்கு எலும்பு பதினாறு. கவசம் முப்பத்திரண்டுக்கு மேல் கூடாது.

நாம் போட்டிக்குப் போன அந்தச் சனிக்கிழமை உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். வாராவாரம் நாம் ஆடப்போகும் பொம்மைக் கடை மாடியில் இரண்டு மேசைகள். ஜன்னலோரத்துப் பெரிய மேசை ஜெயித்தவர்களுக்கு. படிக்கட்டை ஒட்டி, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இருந்த சின்ன மேசை நமக்கு. பெரிய மேசைக்காரன் குணாவைத் தோற்கடித்தால் நாமும் அங்கே போகலாம். குணா நம் கல்லூரிக்காரன்தான், வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு.

"வாங்க வாங்க, சமையல்கட்டு ரெஜிமென்ட்! முதுகுல என்னா இவ்வளவு கவசம்? ஓடுறதுக்கு இப்பவே ரெடியா?"

"ஓடுனா பின்னால வருவல்ல, அப்பத் தெரியும்," என்றாய் நீ.

உண்மையில் அந்த முதுகுக் கவசம் என் வேலை. முன்பக்கம் இருபத்தாறு, முதுகில் பத்து. போட்டிக்கு முந்தின நாள் நான்தான் தாளை எழுதினேன். "ரூல் பாத்தியா?" என்று கேட்டாய். "பாத்தேன்" என்றேன்.

ஏழாவது சுற்றில் குணாவின் இயந்திரம் தாவி நமக்குப் பின்னால் இறங்கியது. பகடை உருண்டது. முதுகில் பத்து அடி. நீ ஒவ்வொன்றாகக் குறி போட்டாய். பத்தும் போனது, எலும்பைத் தொடவில்லை. நான் மூச்சு விட்டேன். அடுத்த அடியில் அவனை முடித்துவிடலாம். ஆனால் உன் பென்சில் பத்தாவது வட்டத்திலேயே நின்றுவிட்டது. உதடு அசைய முன்பக்க வட்டங்களை எண்ணினாய். மறுபடியும் எண்ணினாய்.

"குணா, எங்க கணக்கு தப்பு. முன்னும் பின்னும் சேத்துதான் முப்பத்திரண்டு. எங்களுக்கு முப்பத்தாறு இருக்கு."

மொத்த எடை ஐம்பது டன் சரியாகவே இருந்தது. அதனால் யாரும் உறுப்பு உறுப்பாகப் பார்க்கவில்லை. கீழேயிருந்து வந்த கடை முதலாளியான தவுக்கே விதிப்புத்தகத்தைத் திறந்து, தப்பான இயந்திரம் என்றால் ஆட்டமே தோல்வி என்றார். குணா உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லாம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது லா," என்றான்.

"எனக்குத் தெரியுமே."

"வேணாம் தவுக்கே, ஆடட்டும். முதுகுல கூடுன நாலு வட்டத்த மட்டும் அழிச்சிருங்க."

நீயே அழித்தாய். முதுகுக் கவசம் ஆறு அடிதான் தாங்கியது, மிச்ச நான்கு எலும்புக்குப் போனது, எஞ்சின் உடைந்தது, சூடு ஏறியது. இரண்டே சுற்றில் தோற்றோம். வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நீ குணாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் பொம்மையைத் துணியில் சுற்றினாய்.

அடுத்த சனிக்கிழமை குணா தன் தாளை எடுத்துக்கொண்டு நேராகப் படிக்கட்டு மேசைக்கு வந்தான். "தாயே, இதப் பாத்து ஒரு கையெழுத்துப் போடு. அப்பத்தான் எனக்கு ஆட மனசு வரும்." அவனைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் உன் கையெழுத்து இல்லாத எந்த இயந்திரமும் அந்த மாடியில் மேசை ஏறவில்லை. பெரிய மேசையை நாம் கடைசிவரை ஜெயிக்கவில்லை. பெரிய மேசைக்காரர்கள் உன் முன்னால் வரிசையில் நின்றார்கள். இதை யாரிடம் சொன்னாலும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. என் தோழி என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

இனி, சொல்லாதது. 'முன்னும் பின்னும் சேர்த்து' என்ற வரியை நான் முந்தின நாளே படித்திருந்தேன். படித்துவிட்டு, அது வேறு வகை இயந்திரத்துக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினேன். திறந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான். தாளில் இருந்தது என் கையெழுத்து. "இவ எழுதுனது" என்று நீ சொல்லியிருக்கலாம். "எங்க கணக்கு" என்றாய். திரும்பும் பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னாய்: "அடுத்த தடவ ரூல ரெண்டு பேரும் சேந்து படிப்போம்டி." உனக்குத் தெரிந்திருந்தது, இல்லையா?

அந்தப் பயம் என்னை விட்டுப் போகவில்லை. இப்போது அது முழுக்க இந்தக் குழந்தைமேல் இறங்கியிருக்கிறது. போன வாரம் அவள் முதுகெல்லாம் சிவந்து தடித்துவிட்டது. கிளினிக்குக்கு மாமியாரும் வந்திருந்தார். "பால்மாவு ஒத்துக்கல போல," என்று அவரே தாதியிடம் சொல்லிவிட்டார். தாதியும் எழுதிக்கொள்ளப் போனார். நான் தலையாட்டினால் போதும்.

"பால் இல்ல மிஸ்ஸி, நான்தான். சளி பிடிச்சிருமோன்னு ரெண்டு சட்டை, மேல ஸ்வெட்டர், காலுக்கு சாக்ஸ். பகல்லயும்."

"பினாங்கு வெயில்லயா? ஐயோ, புள்ள வெந்துரும்மா!"

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். யாரும் எண்ணிப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். நீ எனக்குள் விட்டுப்போனது அதுதான். அங்கேயே ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவள் தன் வெறும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கிளினிக்கின் நீண்ட நடையில் ஓட ஆரம்பித்தாள். இவ்வளவு வேகமாக அவளால் ஓட முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.