ஒட்டிக்கொண்ட இரண்டு கம்பிகள்

அன்புச் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பா கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை, வீடு நிம்மதியாக இருக்கிறது. அக்கா ஐந்தாவது தடவையில் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டாள், இனி தெருவில் போகிறவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

எனக்குத்தான் காலையிலிருந்து கைகால் ஓடவில்லை. நீ அனுப்பிய கந்தகத் துணுக்கில் கம்பி பொருத்தி, எங்கள் லேபில் நசுக்குவதற்காக இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்துக் கொடுத்தேனே, அதைப் பற்றித்தான். சும்மா கிடக்கும் கந்தகம் மின்சாரத்தை உள்ளே விடாது, நசுக்க நசுக்க அணுக்களின் அடுக்கே மாறி உலோகமாகிவிடும், கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும், இதெல்லாம் தெரிந்த கதை. நமக்கோ அதில் பாதி அழுத்தத்திலேயே தடை பூஜ்யம் என்று வந்தது, லேபே துள்ளிக் குதித்தது. எக்ஸ்ரே படத்தில் அடுக்கு மாறவே இல்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. வோல்டேஜ் அளக்கிற இரண்டு தங்கக் கம்பிகளும் குளிரவைக்கும்போது நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிறகு மீட்டர் பூஜ்யம் காட்டாமல் வேறென்ன காட்டும்? நசுக்குவதற்கு முன்னால் பார்த்தேன், பின்னால் பார்க்கவில்லை, இருபது வருஷ அனுபவம் என்கிற திமிர்.

பதறிப்போய் எங்கள் லேப் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அது உங்க பையனுக்குத் தெரியுமே, போன வாரமே அந்தக் கம்பி போட்டோ அனுப்பிட்டேன், இப்ப வெளிய சொல்ல வேண்டாம்னு அவன்தான் சொன்னான் என்றார். ஞாயிற்றுக்கிழமை என்னோடு அரைமணி நேரம் பேசினாய், எல்லாம் உன் கைராசிம்மா என்று கொஞ்சினாய், அப்போது அந்தப் போட்டோ உன்னிடம் இருந்திருக்கிறது. என்னால் இன்னும் நம்ப முடியவில்லையடா. இந்த முடிவை வைத்து எழுதிய கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாய், அதை வைத்துத்தான் உனக்கு வேலை தரப்போகிறார்கள், எல்லாம் தெரியும். தப்புப் பண்ணியது என் கை, வெட்கமாக இருக்கிறது. மறைத்தது நீ, அதுதான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நீயே எழுதிவிடு, அம்மாவின் தவறு என்று தாராளமாகச் சொல். நீ எழுதாவிட்டால் சனிக்கிழமை காலை நான் எழுதுவேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஆயுசும் ஆரோக்கியமுமாக இரு. சனிக்கிழமை வரை போன் மட்டும் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா