சீமோன் நாகநாதரின் கையெழுத்து

சண்டிலிப்பாய்
09.02.2025

அன்பின் துஷாவுக்கு,

அம்மாவும் பிள்ளை சாருஜாவும் நானும் சுகம். அங்கே பனி கொட்டுவதாகச் சொன்னீர். உம்முடைய இருமல் குறைந்ததா என்று முதலில் அறிய வேண்டும். போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நான் ஒரு வசனம் முடிக்க முன்னர் நீர் இரண்டு கேள்வி கேட்பீர், பிறகு லைன் வெட்டிப்போகும். இதை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். தனுசியா ரீச்சர் செவ்வாய்க்கிழமை ஒல்லாந்துக்கு மகளிடம் போகிறார். மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நேற்றைய கருத்தரங்கில் வீடியோவில் நீர் எங்களைப் பார்த்தது முதல் ஐந்து நிமிடம்தானே. உம்முடைய முகம் திரையில் அப்படியே நின்றது, பிறகு அதுவும் போய்விட்டது. கட்டுரை நல்லபடி முடிந்தது என்று மட்டும் கருத்தரங்கை நடத்திய பிரகாஸ் உமக்கு எழுதினாராம். பின்னேரம் நீர் எடுத்தபோது நானும் அவ்வளவுதான் சொன்னேன். உம்முடைய கட்டுரையை வாசித்தது பிரகாஸ் இல்லை. நான்.

மண்டபத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் கனகலிங்கம் முன்வரிசையில். நானும் சாருஜாவும் கடைசி வரிசையில். காலையில் பீற்றூட் மூட்டைகளைச் சந்தையில் இறக்கிவிட்டு நேரே வந்திருந்தேன். கால் மணி நேரம் லைனுக்காகக் காத்திருந்துவிட்டு, இந்தக் கட்டுரையை விட்டு அடுத்ததற்குப் போவோம் என்று பிரகாஸ் மைக்கில் அறிவித்தார். அவரில் பிழையில்லை. ஆனால் கட்டுரை என்னுடைய போனில் இருந்தது. மூன்று மாதமாக நீர் எனக்குப் பந்தி பந்தியாக வாசித்துக் காட்டியதுதானே. எழும்பி நின்று, “நான் வாசிக்கிறன்” என்றேன். எழும்பிய பிறகுதான் பயம் வந்தது.

முதல் பக்கம் மோசம். ஒல்லாந்தர் பெயர்களில் இடறினேன். யாரோ சிரித்ததும் கேட்டது. முந்நூற்று முப்பது வருடத்துக்கு முன்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்த ஓர் ஒல்லாந்துப் பாதிரியார் சுவிசேஷத்தைத் தமிழில் எழுதினார், அந்தக் கையெழுத்துப் பிரதியின் ஓரமெல்லாம் திருத்தங்கள் இருக்கின்றன, அவையும் பாதிரியாருடையவை என்றே இதுவரை எல்லோரும் எண்ணியிருந்தார்கள் என்று வாசித்து முடிக்க முன்னர் என் சட்டை நனைந்துவிட்டது.

பிறகு விதைக்கிறவனின் கதை வந்தது. பாதிரியார் ‘நல்ல நிலம்’ என்று எழுதியதை வெட்டி, ஓரத்தில் ‘நல்ல தறை’ என்று எழுதியிருக்கிற இடம். அதற்குப் பிறகு நான் தடுமாறவில்லை. தோட்டத் துண்டை நாங்கள் தறை என்றுதானே சொல்கிறோம். திருத்தியவர் உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் சீமோன் நாகநாதர் என்ற உம்முடைய வரியை வாசித்தபோது என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. முந்நூறு வருடமாக எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர். அதை அவருடைய ஊரிலேயே சபையறியச் சொன்னது நான். நீர் சொல்ல வேண்டியது, எனக்குக் கிடைத்தது.

முடிந்ததும் பேராசிரியர் எழும்பினார். “ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு எப்பிடி முடிவெடுக்கிறது? பாதிரியார் பத்து வருசம் இஞ்சை இருந்தவர். தோட்டக்காரரோடை கதைச்சு அவரே அந்தச் சொல்லைப் பழகியிருக்கலாமே?” என்று கேட்டார். மறுமொழி சொல்ல பிரகாஸ் எழும்பினார். பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதே கேள்வியை நானும் கேட்டனான், ஐயா. வெங்காயம் நடேக்கை போனிலை கேட்டனான். அவ சொன்ன மறுமொழியைச் சொல்லுறன்” என்றேன். ஊரின் பிறப்பு, கலியாணமெல்லாம் எழுதிய பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் இருப்பது நாகநாதரின் கையெழுத்து. ஓரக் குறிப்புகளும் அதே கை, பாதிரியாரின் கை வேறு என்று சொன்னேன். கடைசி இரண்டு குறிப்புகளில் தேதி போட்டிருப்பதையும் சொன்னேன். பாதிரியாரை அடக்கம் செய்து எட்டு மாதத்துக்குப் பிந்திய தேதி. “செத்தவர் வந்து திருத்தேலாது, ஐயா.” மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பாதிரியார் போன பிறகும், கேட்க ஆளில்லாதபோதும், அந்த மனிதர் ஏன் திருத்திக்கொண்டிருந்தார் என்று பேராசிரியர் பிறகு கேட்டார். அது கட்டுரையில் இல்லை. நீர் எனக்கு ஒருநாள் சொன்னதைச் சொன்னேன்: “சரியான சொல் வரும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளேல்லை. அவர் படிச்ச மனிசன்.” அவர் அதைத் தன் கொப்பியில் எழுதினார். துஷா, நீர் பார்த்திருக்க வேண்டும்.

தேத்தண்ணி குடிக்கிற நேரம் என்னிடம் வந்து, எங்கே படிப்பிக்கிறீர்கள் என்று விசாரித்தார். “நான் படிப்பிக்கேல்லை. அவவின்ரை மனிசன். தோட்டம் செய்யிறன்” என்றேன். என்னுடைய கையைப் பிடித்தவர் விடவில்லை. “அங்கை இன்னும் நாலு பெட்டி பழைய கடதாசி ஒருத்தரும் வாசிக்காமல் கிடக்குதெண்டு எழுதியிருக்கிறா. தமிழையும் பழைய ஒல்லாந்தையும் சேர்த்து வாசிக்க அவவை விட ஆர் இருக்கினம்? அவசரப்பட்டு வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ” என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவ வேதக்காரரின் பழைய கடதாசிகளைப் படிக்கப்போகிறீர் என்றபோது அவர் இரண்டு நாள் உம்மோடு கதைக்கவில்லையே. இன்று காலை கோயிலில் பரமலிங்கம் மாமா, உன் மருமகள் வேதத்துக்கு மாறிவிட்டாளாமே என்று கேட்டிருக்கிறார். “அவள் மாறேல்லை. எங்கடை ஊர் வாத்தியார் ஒருத்தரைக் கண்டுபிடிச்சிருக்கிறாள். நீ இவ்வளவு காலமும் என்னத்தைக் கண்டுபிடிச்சனி?” என்றாராம் அம்மா. சாருஜா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா என்னிடம் மூச்சும் விடவில்லை.

இனி மற்ற விஷயம். அந்தப் பெட்டிகளை வாசிக்க அங்கே தருகிற இரண்டு வருட வேலையை வேண்டாம் என்று எழுதப்போவதாகப் போன கிழமை சொன்னீர். உம்முடைய விருப்பம் என்றேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம், அதை மறைக்கவில்லை. வைகாசியில் நீர் வந்துவிடுவீர் என்று அறைக்குப் பெயின்ற் அடிக்க ஆளும் பிடித்திருந்தேன். நேற்று அந்த மண்டபத்தில் நின்ற பிறகு அந்தச் சந்தோஷத்தை என்னால் வைத்திருக்க முடியவில்லை. வேண்டாம் என்று எழுதாதேயும். எழுதி அனுப்பியிருந்தால், நன்றாக யோசித்துவிட்டேன், நிற்கிறேன் என்று இன்னொன்று எழுதும்.

சாருஜாவிடமும் கேட்டேன். ஆவணி விடுமுறைக்கு நாங்கள் அங்கே போகலாமா என்றாள். போகலாம் என்று சொல்லிவிட்டேன். விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று நீர் விசாரியும். அவளுடைய பள்ளிக்கூடச் சட்டை கட்டையாகிவிட்டது, அம்மா தையலைப் பிரித்து இறக்கிவிட்டார். வெங்காயம் நன்றாக நிற்கிறது. எங்களுக்கு ஒரு குறையுமில்லை. இந்த வரியை இரண்டு தரம் வெட்டி எழுதியிருப்பதைப் பார்த்து யோசியாதேயும். எழுத்து வடிவாக வரவில்லை, வேறொன்றுமில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு போம். நேரத்துக்குச் சாப்பிடும். அந்த நாலு பெட்டியையும் ஒரு கடதாசியும் விடாமல், ஆறுதலாக வாசியும். நல்லூர்க் கந்தன் உமக்குத் துணை நிற்பான்.

முடித்த அன்றைக்கே வாரும்.

உம்முடைய
சுபாங்கன்