சனிக்கிழமை மூடிய ஏழாம் போர்ட்

மேல் டிவிசன்,
தெரணியகலை.

அன்பு மகள் அனிற்றாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் நடமாடுகிறோம், மெல்பேர்ன் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, எனக்குத்தான் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் நீயும் உன் பட்டமும். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஃபெக்டரி ஒபிஸில் பஜார் கம்ப்யூட்டர் கடை ஸப்ரி பூட்டிய, எஸ்டேட்டின் கம்ப்யூட்டர் லைன்களையெல்லாம் இணைக்கிற ஸ்விட்சைப் பார்த்துக்கொள்ளும் வேலையை, ரிட்டயரான இந்தக் கிளாக்கரிடம் கொடுத்திருப்பது உனக்குத் தெரியும். அதில் ஏழாம் போர்ட், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கிற பிள்ளை மடுவத்துக்குப் போகிற லைன், அடிக்கடி தானாக மூடிக்கொள்கிறது, நான்தான் திறந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னேன். பத்து விநாடிக்கு ஒருதரம் போர்ட் ஒரு சின்னச் செய்தியை வெளியே அனுப்பும், அது சுற்றித் தன்னிடமே திரும்பி வந்தால் எங்கோ லைன் வளையமாகிவிட்டது என்று மூடிக்கொள்ளும், கீப்பலைவ் என்பது அதுதான் என்று ஸப்ரி விளக்கியதையும் சொன்னேன். நீ சிரித்தாய். பஜார்ல கம்ப்யூட்டர் திருத்துறவங்களுக்கு இதெல்லாம் எங்கப்பா விளங்கப் போகுது, அந்தத் தொல்லையை நிறுத்திடுங்க என்றாய். மூடிய நாட்களைக் கொப்பியில் குறித்திருந்தேன், எல்லாமே சனிக்கிழமை. சொல்ல வாயெடுத்தேன், பெரிய வங்கிக்கே நெட்வேர்க் பார்க்கிறவளிடம் ஒரு கிழட்டுக் கிளாக்கர் கொப்பியை விரிப்பதா என்று விழுங்கிவிட்டேன். கீப்பலைவை நிறுத்த நீ சொன்ன கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஏழாம் போர்ட் மூடவில்லை. அதற்குப் பதிலாக, கொழுந்து நிறுக்கிற இடத்திலிருந்து டிஸ்பென்சரி வரை எல்லா லைனும் படுத்துவிட்டது. மனேஜர் துரைக்குக் கீப்பலைவும் தெரியாது கேபிளும் தெரியாது, சத்தம் போடத் தெரியும். ஸப்ரியைக் கூப்பிட்டு, ஆயெத் எண்ட எபா, இனி இந்தப் பக்கம் வராதே என்று எல்லோர் முன்னாலும் விரட்டிவிட்டார். நான் பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன், வேறெதற்கு லாயக்கு.

பின்னேரம் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். ஆயா ஹில்டா சனிக்கிழமைதான் தரை கழுவுவாள். அங்கே நம் லைன் வந்து சேர்கிற சின்னப் பெட்டியிலிருந்து ஓர் உதிரி கேபிள் தொங்குகிறது, அதன் மறுநுனி நனையக்கூடாதென்று அதே பெட்டியின் வெற்று ஓட்டையில் சொருகிவிட்டுக் கழுவுகிறாள். ஓட்டை சும்மாதானேங்க ஐயா கெடக்கு, நனைஞ்சா என்னையத்தானே ஏசுவாங்க என்கிறாள். வளையம் அதுதான், போர்ட் மூடாததால் அது எல்லா லைனையும் அடைத்துவிட்டது. ஸப்ரியின் பத்து விநாடி அதை வாரம் தவறாமல் பிடித்துக் கொடுத்தது, படித்த நாம் இருவரும் சேர்ந்து அதன் வாயைப் பொத்தினோம்.

கேபிளைக் கழற்றிவிட்டேன், கீப்பலைவைப் பழையபடி பத்தில் போட்டு மூன்று தரம் சரிபார்த்தேன். நேற்று இதைச் சொன்னபோது, பேசாம இருங்கப்பா, உங்க பெயர்தான் கெடும், ஸப்ரிக்கு வேற இடம் கிடைக்கும் என்றாய், அதே சிரிப்போடு. உன் இந்தப் புத்திமதியையும் எழுத்தெழுத்தாக நான் செய்யப்போவதில்லை. திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கொப்பியோடு துரையிடம் போகிறேன். மாற்றியது என் விரல் என்று சொல்வேன், உன் பெயரைச் சொல்லமாட்டேன். நாக்கு எழாவிட்டால் நீட்டுவதற்கு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் காத்து நடத்துவாராக. நேரத்துக்குச் சாப்பிடு. ஸப்ரியின் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே எடுத்துப் பேசு. சிரிக்காமல் பேசு.

உன் அப்பா,
யோசப்