கரி படாத கணப்பு

காலையிலிருந்து பழைய சுண்ணாம்புத் தூசி மூக்கை அடைக்கிறது. கூரை ஓடு மாற்ற ஆள் வந்திருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் லீவு போட்டுவிட்டு ஏணியடியிலேயே நின்றிருப்பீர்கள். ஆஸ்பத்திரிக் கிளார்க் வேலையைவிட இந்த வீட்டை ஆராய்வதுதானே உங்களுக்குப் பெரிய உத்தியோகம்.

பதுளைக் கடைத்தெருவில் இருந்துகொண்டு தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அரிசியும் துணியும் அனுப்பிய முதலாளியின் மாடிவீடு இது. அவருடைய பேரப்பிள்ளைகள் பலகை அடித்துப் பிரித்து வாடகைக்கு விட்டதில் நமக்கு வாய்த்தது மேல்மாடி முன்னறை. குடிவந்த அன்று சாமான்களை இறக்காமல் தேக்குத் தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இங்க பாரு, மழை ஊருல வந்து நடுவீட்டுல வானம் பாத்த முத்தம் வச்சிருக்காரு. சொந்த ஊரு ஞாபகத்துல கட்டிப்புட்டாரு மனுசன்" என்று சிரித்தீர்கள். பிற்பாடு யாரோ அந்த முற்றத்துக்கு மேலே தகரம் அடித்திருந்தார்கள்.

நம் அறையில் குளிர்காயக் கட்டியிருந்த கணப்புதான் நம் சண்டைக்குக் காரணம். துரை பங்களாவில் இருப்பது போலவே சுற்றிலும் பூப்போட்ட ஓடு பதித்தது. தெருவில் நின்று பார்த்தால் கூரைமேல் புகைபோக்கியும் தெரியும். ஆனால் உள்ளே ஒரு பொட்டுக் கரி கிடையாது. கையைத் தோள்வரை விட்டுத் துழாவி, வெள்ளையாகவே எடுத்துக் காட்டினீர்கள்.

"கரியும் இல்ல, இத்தன மழைக்கு ஒரு சொட்டுத் தண்ணியும் எறங்கல. மேல வழியே இல்ல புள்ள. சும்மா பகட்டுக்குக் கட்டினது."

"ஆமா, காசு செலவழிச்சு யாராச்சும் பொய்க்கு அடுப்பு கட்டுவாங்களா? தேச்சுக் கழுவி, மேல மழை விழாம மறைப்பு வச்சிருப்பாங்க" என்றேன். வருசக்கணக்கில் ஓடியது இந்த வழக்கு. நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வருவேன். டீ ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடுவீர்கள்.

போன வருடத்துக்கு முந்திய மார்கழியில், நெஞ்சுச் சளியோடு கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்தீர்கள். நான் விறகு வாங்கி வந்து கணப்பில் அடுக்கினேன். "மூட்டாத, புகை பூரா உள்ளதான் வரும்" என்று இருமலுக்கு நடுவே தடுத்தீர்கள். பிடிவாதம் பிடித்த ஆள் என்று திட்டினேன், ஆனாலும் மூட்டவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மடுல்சீமையிலிருந்து இழவுக்கு வந்த உங்கள் அக்கா, எல்லோர் முன்னாலும், "அடுப்ப வச்சுக்கிட்டு என் தம்பிய குளிர்ல போட்டுட்டியே" என்று அழுதார். அன்றிலிருந்து அந்தக் கணப்புக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கிறேன். அவர் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால் என்ற பயம் என்னைத் தின்றுகொண்டிருந்தது.

இன்று ஓடு பிரித்தவரிடம் கேட்டே விட்டேன்.

"தம்பி, அந்தச் சிம்னிக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்."

"உள்ளன்னு ஒண்ணு இருந்தாத்தானே டீச்சர்! முழுசும் செங்கல்லு. உத்திரத்து மேல சும்மா நிக்குது. கீழ அடுப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

நம்பாமல், முழங்கால் வலியோடு நானே ஏணியேறிப் பார்த்தேன். அட மனுசா, சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்! தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்காகவே நிற்கிறது அது. இறங்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிட்டது. முதலாளியின் வீட்டம்மா குளிருக்கு என்ன செய்தார்? மூட்டச் சொல்லி அவரும் சண்டை போட்டிருப்பாரோ? நீங்கள் இருந்தால் ஒரு பதில் வைத்திருப்பீர்கள், நான் இல்லவே இல்லை என்றிருப்பேன்.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மூக்கைச் சிந்தினார். பிறகு, "அவன் எப்பவும் சரியாத்தான் சொல்லுவான்" என்றார். அதெல்லாம் கிடையாது, இந்த ஒன்றுதான் சரி.

அன்றைக்கு மூட்டியிருந்தால் புகையில் உங்களைத் திணற வைத்திருப்பேன். உங்கள் கம்பளியைத் தூசி போக உதறி வைத்திருக்கிறேன். இன்றைக்குக் கணப்புப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.