உருண்டைப் பிடி

மார்ச் 3

அக்கா வாளை வீசும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். இன்று வரவில்லை.

மார்ச் 4

இன்றும் சத்தம் இல்லை. நனைத்துச் சுருட்டிய பாய் பாதிவரைதான் வெட்டுப்பட்டது. வாள் அதிலேயே சிக்கிக்கொண்டது.

வாள் வாங்க வருகிறவர்கள் முன்னால் வெட்டிக் காட்டுவது அக்காவின் வேலை. பட்டறை மூலையில் உட்கார்ந்து பிடிக்குத் தோல் சுற்றுவது என் வேலை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இதுதான். எல்லாரும் அவள் கையைப் புகழ்கிறார்கள். அந்தக் கைக்குள் இருக்கும் தோலை யார் சுற்றியது என்று ஒருத்தராவது — சரி, விடு.

கூர் போய்விட்டது என்று அப்பா இன்னும் தீட்டினார்.

மார்ச் 5

கூரில் ஒன்றுமில்லை. பிடிதான். இந்தப் புது வாளுக்கு அழகாக இருக்கட்டும் என்று அப்பா பிடியை உருண்டையாகக் கடைந்திருக்கிறார். தோல் சுற்றும்போது எனக்கே உறைக்கவில்லை. பழைய பிடியெல்லாம் முட்டை வடிவம். கண்ணை மூடிப் பிடித்தாலும் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். இது கைக்குள்ளேயே லேசாகத் திரும்புகிறது. கூர் சாய்ந்து விழுகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறன்று வாள் பயிற்சிக்கூடத்துக்காரர் இதை வாங்க வருகிறார். அவர் முன்னால் அவள் திணறட்டுமே.

மார்ச் 6

"உங்கக்கா இல்லேன்னா இங்க ஒரு வாளும் விக்காது" என்றார் அப்பா. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

மார்ச் 7

வாள் பாயில் வழுக்கி, திரும்பி, அக்காவின் முழங்காலுக்கு வந்தது. பேன்ட் கிழிந்தது. தோலில் படவில்லை. அப்பா வெளியே போயிருந்தார். அக்கா கிழிசலைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"அப்பாகிட்ட சொல்லாதடி. என் கை போயிடுச்சு போல. நாளைக்கு அவர் வரும்போது நீ வெட்டு."

"நானா?"

"பின்பக்கம் குச்சிய வச்சு வீசிட்டிருப்பியே, நான் பாக்கலன்னு நெனச்சியா? என்னவிட நேரா வீசறே."

முகம் சுட்டது. எத்தனை நாளாகப் பார்த்திருக்கிறாள்? நான் ஆசைப்பட்டதை அவளே எடுத்துக் கொடுக்கிறாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

மார்ச் 8

விடிந்ததும் பிடியில் சுற்றியிருந்த தோலைப் பிரித்தேன். அக்காவை எழுப்பிப் பட்டறைக்குக் கூட்டி வந்து வாளைப் பிடிக்கச் சொன்னேன்.

"என்னடி இது?"

"உன் கையில ஒண்ணுமில்ல. பேசாம பிடி."

அவள் விரல்கள் விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். அரத்தை எடுத்து இரண்டு பக்கமும் தேய்க்க ஆரம்பித்தேன்.